டெல்லிக்கு ஒரு மனு: வாசிப்புக்காக எந்தச் சட்டத்தைக் கேட்பது?

மனுவில் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு.

கோத்தகிரியில் ஒரு டீக்கடை மாடியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமையாக இதே பேச்சு. வாசிப்புக்கும் எழுத்தறிவுக்கும் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் வேண்டும், அதை நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் என்பது வரை எல்லோரும் ஒரு கட்சி. அதற்கு மேல் ஆளுக்கொரு திசை. ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் நூலகச் சட்டம்தான் என்கிறார். கூடலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியை, “முதல்ல என் வகுப்புப் பிள்ளைங்க வாசிக்கட்டும் சார், நூலகம் அப்புறம்” என்கிறார். அரவங்காட்டு நண்பருக்கு அமெரிக்க பாணியில் காசு ஒதுக்கும் சட்டம் வேண்டும். குன்னூரிலிருந்தும் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்தும் இதே குழப்பத்தோடு வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். நம் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், மூன்று மலையில், மூன்று சமவெளியில். எனவே மனு மலைக்காரர்களின் குறையாக மட்டும் இருக்கவும் முடியாது.

நான் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் இருந்தவன். அந்தச் சாய்வு எனக்கு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நீலகிரியின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 85 சதவீதத்தை ஒட்டியது. மாநில சராசரியைவிட அதிகம். அதைக் காட்டி “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏழு வயதுக்கு மேற்பட்டவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கணக்கெடுப்பில் கேட்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. என் அனுபவத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது.

ஆகவே நான் ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டேன். பந்தலூர்ப் பக்கம் ஒரு பணியர் குடியிருப்பு. வீட்டில் பணிய மொழி, கடைத்தெருவில் மலையாளம், பள்ளியில் தமிழ், பாடப் புத்தகத்தின் பாதியில் ஆங்கிலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாத மழை, வழியில் யானை. இந்தப் பிள்ளையிடம் சட்டம் போய்ச் சேருமா? முதல் அளவுகோல் இது.

இரண்டாவது பணம். ஆண்டுதோறும் தானாக வருமா, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் கையேந்த வேண்டுமா? மூன்றாவது, டெல்லிக்கு அந்த விஷயத்தில் அதிகாரம் இருக்கிறதா? நான்காவது, நடக்காவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது? ஐந்தாவதை எங்கள் வட்டத்தில் பலர் ஒரு அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கோ அதுதான் முதலிடம்: இந்தச் சட்டம் சம்பளத்தோடு ஒரு ஆளைக் கொண்டுவருமா? கட்டடம் வரும், புத்தகம் வரும், உறுதிமொழி, பேரணி, சுவரொட்டி எல்லாம் வரும். ஆள் வருவதுதான் அபூர்வம்.

## ஒன்று: வாசிப்பை உரிமையாக்கும் சட்டம்

42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1976இல் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அது சரியா தவறா என்ற வாதம் தனி. இன்றைய நிலையில் நாடாளுமன்றம் கல்வியில் நேரடியாகச் சட்டம் செய்யலாம். புதுச் சட்டம்கூட வேண்டாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்கும்படி செய்வது அரசின் கடமை, அதற்கு இத்தனை ஆள், இத்தனை நேரம் என்று.

இப்போதைய சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகம் உட்பட எல்லாம் வேண்டும் என்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள். எல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடியவை. அந்த 200 நாளில் பிள்ளை வாசிக்கக் கற்றதா என்ற கேள்வி மட்டும் அங்கே இல்லை. கற்றல் விளைவுகள் பற்றிய வாசகம் 2017இல் மத்திய விதிகளுக்குள் வந்தது. சட்டத்தின் உடலுக்குள் வரவில்லை.

அந்த அட்டவணைப்படி என் பள்ளியிலும் ‘நூலகம்’ இருந்தது. ஒரு இரும்பு பீரோ, நல்ல நல்ல கதைப் புத்தகங்கள், ஒரு பூட்டு. தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் நம் தலையில் விழும் என்ற பயம். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்காதீர்கள், என்னிடம்தான். சட்டம் கேட்டது நிறைவேறிவிட்டது. பிள்ளைகள் பீரோவின் கண்ணாடி வழியாக அட்டைப் படங்களைப் பார்த்தார்கள்.

“நிபுண் பாரத் இருக்கிறதே?” என்பார்கள். மத்திய அரசின் திட்டம், 2021 ஜூலையில் வந்தது. 2026-27க்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. இரண்டிலும் நல்லது உண்டு. ஆனால் இரண்டும் திட்டம். திட்டத்துக்கு முடிவுத் தேதி இருக்கும். உரிமைக்கு இல்லை. உரிமையானால் புகார் கொடுக்க இடமும் கிடைக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தரலாம், மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். பந்தலூரிலிருந்து ஒரு தாய் அதுவரை போவாரா என்றால், போகமாட்டார். அவருக்காக வேறு யாராவது போகலாம். அந்தக் கதவாவது இருக்கிறது.

இனி கண்ணில் படாத செலவுகள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் விருப்பத் தேர்வு இதுதான், அதன் ஓட்டைகளும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்று, சோதனை. வாசிக்கத் தெரிந்ததா என்று சட்டம் கேட்டால், யாரோ ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனையோடு காசையோ தண்டனையோ கட்டிவிட்டால் அது கெட்டுப்போகும். இங்கிலாந்தில் 1862இல் பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்துக் காட்டினால்தான் பள்ளிக்கு மானியம் என்று வைத்தார்கள். இதே வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். நூறு வருடம் கழித்தும் அது மாறவில்லை. ஒரு அதிகாரி வந்தபோது என் வகுப்புப் பையன் ஒரு பக்கத்தைக் கணீரென்று வாசித்தான், பக்கத்தைப் புரட்டாமலே அடுத்த பக்கத்தையும் வாசித்துவிட்டான். அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு, நிறுத்திவைத்தல். அமெரிக்காவின் சில மாநிலங்களில் மூன்றாம் வகுப்பில் வாசிக்காத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துகிறார்கள். புளோரிடா 2002இல் தொடங்கியது, மிசிசிப்பி 2013இல். மிசிசிப்பி நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் 49ஆவது இடத்தில் இருந்து 2019இல் 29ஆவது இடத்துக்கு வந்தது. இதைச் சொல்லி “பெயிலாக்கினால் சரியாகிவிடும்” என்று வாதிடுவோர் இங்கேயும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தோடு மாநில அரசு பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பியதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு நம் கல்வி உரிமைச் சட்டத்திலும் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. வாசிப்பு உரிமை என்று நாம் கேட்டு, மூன்றாம் வகுப்பில் பெயில் என்று அது திரும்பி வந்தால், முதலில் படிப்பை விடுவது நான் சொன்ன அந்தப் பந்தலூர்ப் பிள்ளைதான்.

மூன்று, மொழி. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள் என்று ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறும் நீலகிரியில் உண்டு. கோத்தகிரியைச் சுற்றிய ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், படுக மொழி. ‘வாசிப்பு’ என்று சட்டம் எழுதினால் எந்த மொழியில்? கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பயிற்றுமொழி ‘இயன்றவரை’ தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 350அ பிரிவு தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யச் சொல்கிறது. அந்த ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குள் ஒரு மலையே ஒளிந்துகொள்ளும். தமிழைப் பள்ளிக்கு வந்துதான் முதலில் கேட்கும் பிள்ளையை, தமிழ் வீட்டுப் பிள்ளையோடு ஒரே மாதத்தில் ஒரே பத்தியை வைத்துச் சோதித்தால், மந்தம் என்றுதான் முடிவு வரும். அந்தப் பிள்ளைக்கு மூன்று மொழி புரியும் என்பது படிவத்தில் எங்கும் பதியாது.

நான்கு, பதிவேடு. சட்டம் வந்தால் எமிஸில், அதாவது பள்ளிகள் தகவல் ஏற்றும் இணையப் பதிவேட்டில், இன்னொரு கட்டம் வரும். நம் மலையில் இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சம் ஒருவர். அவரும் சிக்னல் தேடிப் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நின்றால், வாசிப்பு யார் கற்றுக்கொடுப்பது?

கடைசியாக, இந்த உரிமை 6 முதல் 14 வயது வரைதான். அங்கன்வாடிப் பிள்ளை இல்லை. கொழுந்து பறிக்கும் தாய் இல்லை.

உங்கள் கவலை பள்ளிப் பிள்ளை என்றால், சட்டம் நீண்ட நாள் நிற்க வேண்டும் என்றால், இதைக் கேளுங்கள். ஆனால் ‘ஆள்’ என்ற சொல்லை மனுவிலிருந்து யாரும் எடுக்க விடாதீர்கள்.

## இரண்டு: தேசிய நூலகச் சட்டம்

நூலகர் நண்பரின் தேர்வு இது. அவர் பேசினால் எனக்கே மனம் மாறிவிடும். பள்ளியை விட்டவன், பள்ளிக்கே போகாதவள், வேலை தேடும் பையன், ஓய்வுபெற்ற என்னைப் போன்றவன் என்று எல்லோருக்கும் திறந்திருப்பது நூலகம் ஒன்றுதான். வயது வரம்பு இல்லை, தேர்வு இல்லை, பெயில் இல்லை.

சிக்கல், டெல்லியின் வாசலிலேயே தொடங்குகிறது. அரசு நடத்தும் நூலகங்கள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 12ஆவது இனம். நாடாளுமன்றம் இதில் சட்டம் செய்ய வேண்டுமானால் 252ஆவது பிரிவின்படி குறைந்தது இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். கேட்ட மாநிலங்களுக்கும், பிறகு சேரும் மாநிலங்களுக்கும் மட்டும்தான் அந்தச் சட்டம். நம் மனுவுக்கு முதல் பதில் “இது மாநில விவகாரம்” என்று வரும். அந்தப் பதில் தவறும் அல்ல.

அதைவிடப் பெரிய கேள்வி, நமக்கு அது தேவையா என்பது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது: 1948, சென்னைப் பொது நூலகச் சட்டம். 1930இலேயே மாதிரிச் சட்டம் வரைந்து வைத்திருந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பும், கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முனைப்பும் சேர்ந்து வந்தது. அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. யாரும் டெல்லிக்கோ சென்னைக்கோ எழுத வேண்டாம், வீட்டுவரி ரசீதிலேயே நூலகத்தின் பங்கு இருக்கிறது. பல மாநிலங்களில் இன்னும் நூலகச் சட்டமே கிடையாது. நாம் கேட்கும் தேசியச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்படி வடிக்கப்பட்டால், இந்த 10 பைசா இருக்குமா, கரையுமா? கேட்டு வாங்கிக்கொண்டு இருந்ததை இழந்த கதையாகக்கூடும்.

அந்த வரியிலும் ஒரு குறை. சொத்து வரி கொழிக்கும் மாவட்டத்தில் நூலகம் கொழிக்கும். கோவை எங்கே, நீலகிரி எங்கே. புத்தகம் நெளிந்து பூஞ்சை பிடிக்கும் மழை எங்களுக்கு, அதைத் தாங்கும் அலமாரிக்கான காசு கீழே. ஊர்ப்புற நூலகர்கள் முழு ஊதியம் கேட்டுப் பல வருடமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர் காலையில் இறங்கி மாலையில் ஏறுவார். அவர் வந்து சேரும் நேரத்தில் பகுதிநேர நூலகத்தில் பூட்டு தொங்கும். 1,000 ரூபாய் கட்டிப் புரவலரானவர்களின் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். ஊட்டியில் 1859இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய நீலகிரி நூலகம் சந்தா கட்டுகிறவர்களின் தயவில் இன்றுவரை நிற்கிறது. சந்தா கட்ட முடியாதவர்களுக்கான நூலகத்துக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு நூலகச் சட்டம், முழுமையான, திறமான நூலக சேவை தருவது உள்ளாட்சியின் கடமை என்று அழகாகச் சொல்கிறது. 2010க்குப் பின் சிக்கன நடவடிக்கையில் நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டன, அல்லது தன்னார்வலர்கள் கையில் விடப்பட்டன. சட்டம் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களின் வாசிப்பு உங்கள் கவலை என்றால், உங்கள் மாநிலத்தில் நூலகச் சட்டம் இல்லை என்றால், இதுதான் சிறந்த வழி. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த மனுவைச் சென்னைக்கு எழுதுவதே மேல்: மலை மாவட்டங்களுக்கு நூலக வரிக்கு ஈடாகக் கூடுதல் மானியம், மாலை நேரத் திறப்பு, ஊர்ப்புற நூலகருக்கு முழு ஊதியம்.

## மூன்று: காசு ஒதுக்கும் சட்டம்

அரவங்காட்டு நண்பர் காட்டும் முன்மாதிரி, அமெரிக்காவின் லேர்ன் மசோதா. 2009இல் முன்மொழியப்பட்டது. பிறந்த குழந்தை முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுத்தறிவுக்கென்று மாநிலங்களுக்கு மத்திய நிதி தரச் சொன்னது. தனிச் சட்டமாக நிறைவேறவில்லை. மறுபடி மறுபடி கொண்டுவந்து, கடைசியில் 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட பள்ளிக் கல்விச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாக நுழைந்தது. அதில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. மாநிலத்துக்கு வரும் பணத்தில் 95 சதவீதம் கீழே போக வேண்டும், அதில் குறைந்தது 15 சதவீதம் பள்ளிக்கு வராத சிறு குழந்தைகளுக்கு, 40 சதவீதம் ஐந்தாம் வகுப்பு வரை, 40 சதவீதம் அதற்கு மேல். காசை எப்படிப் பிரிப்பது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. தலைமையிடம் மாநாடு நடத்தியே தீர்த்துவிட முடியாது.

இதற்கு முந்தைய கதையையும் நண்பரிடம் சொன்னேன். 2002இல் ‘ரீடிங் ஃபர்ஸ்ட்’ என்று ஒன்று வந்தது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 100 கோடி டாலர். குறிப்பிட்ட சில பதிப்பகங்களின் பாடப் பொருட்களுக்குச் சாதகமாக அதிகாரிகள் நடந்துகொண்டதாக 2006இல் அவர்களின் தணிக்கைப் பிரிவே அறிக்கை கொடுத்தது. 2008இல் வெளியான மதிப்பீட்டில், பிள்ளைகளின் புரிந்து வாசிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று வந்தது. காசு எங்கே குவிகிறதோ அங்கே வியாபாரி முதலில் வந்துவிடுவார். நம் ஊரில் அது ‘கிட்’ என்ற பெயரில் பெட்டி பெட்டியாக வரும்.

நம் நாட்டில் இதன் மறைமுகச் செலவு இன்னும் கூர்மையானது. மத்திய நிதி என்றால் நிபந்தனை. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. இரண்டு அரசுகள் முட்டிக்கொண்டால் நடுவில் நிற்பது இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி. இன்னொரு நிபந்தனை நிதியை நாமே மனுப் போட்டுக் கேட்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

தவிர, அமெரிக்க முறையில் மாநிலங்கள் விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்குக் காசு. எழுதத் தெரியாதவர்களுக்காகத்தானே இந்த ஏற்பாடு!

வேகம் வேண்டும், அடுத்த கல்வி ஆண்டிலேயே ஏதாவது நடக்க வேண்டும் என்றால் இது நல்ல தேர்வு. முதியோர், மழலையர், பள்ளி என்று எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவரவும் முடியும். நிபந்தனை எதுவும் வாசிப்பைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை யார் ஏற்பார்கள் என்பது வேறு.

## நான்கு: வாசிப்பு ஊக்குவிப்புச் சட்டம்

ஜப்பான் 2001இல் குழந்தைகள் வாசிப்புக்கென்று சட்டம் செய்தது. ஏப்ரல் 23 குழந்தைகள் வாசிப்பு நாள், மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும், உள்ளாட்சிகள் முயல வேண்டும். கொரியா 2006இல் வாசிப்புப் பண்பாட்டுச் சட்டம் செய்தது. ஸ்பெயின் 2007, மெக்சிகோ 2008. செலவு குறைவு, எதிர்ப்பும் இல்லை, எந்த எம்.பி.யும் மகிழ்ச்சியாகப் பேசுவார். இங்கே வந்தால் ஒரு தினம், ஒரு உறுதிமொழி, பிள்ளைகள் வெயிலில் ஒரு பேரணி. பட்டியலில் இது கடைசி.

ஆனால் இதற்குள் உருப்படியான ஒன்று இருக்கிறது: தபால். தபால் முழுக்க முழுக்க டெல்லி கையில். யார் தீர்மானமும் தேவையில்லை. கோத்தகிரியில் நினைத்த புத்தகத்தைக் கடையில் வாங்க முடியாது, தபாலில்தான் வர வேண்டும். சிறு பதிப்பாளர்கள் நம்பியிருந்த பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் புத்தகங்களுக்கான ‘ஞான் போஸ்ட்’ வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். பரவாயில்லை. ஆனால் ஒரு சுற்றறிக்கையில் வந்தது இன்னொரு சுற்றறிக்கையில் போகும். சலுகைத் தபாலைச் சட்டத்தில் எழுதினால் நிற்கும். இந்த ஒரு வரிக்காக மட்டும் நான்காவது வழியை முழுக்கத் தள்ளவில்லை.

## ஒரே பார்வையில்

| | வாசிப்பு உரிமை | நூலகச் சட்டம் | நிதிச் சட்டம் | ஊக்குவிப்பு |
|---|---|---|---|---|
| பந்தலூர்ப் பிள்ளைக்கு எட்டுமா | எட்டும், மொழிப் பிரிவு சேர்ந்தால் | நூலகம் பக்கத்தில் இருந்தால் | விண்ணப்பம் எழுதுபவரைப் பொறுத்தது | பேரணிக்கு மட்டும் |
| பணம் | மத்திய, மாநிலப் பங்கு. இழுபறி | வரி. நிலையானது, மலையில் குறைவு | அதிகம். எப்போது நிற்கும் தெரியாது | சொற்பம் |
| டெல்லிக்கு அதிகாரம் | உண்டு | இல்லை, மாநிலங்கள் கேட்டால்தான் | உண்டு, மானியமாக | உண்டு |
| புகார் | ஆணையம், நீதிமன்றம் | கடினம் | இல்லை | இல்லை |
| சம்பளத்தோடு ஆள் | எழுதினால் வரும் | நூலகர் வரலாம் | திட்டக் காலம் வரை | வராது |
| பெரியவர்கள் | இல்லை | உண்டு | சேர்க்கலாம் | பெயரளவில் |

## மனு எந்த வழியாகப் போகும்

இரண்டு வழிகள். மக்களவைக்கு மனு: ஒரு எம்.பி. மேலொப்பம் இட்டால் மனுக்கள் குழுவுக்குப் போகும். அல்லது எம்.பி. தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமே முன்வைக்கும் மசோதாவாக, கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14தான், கடைசியானது 1970இல். மேலும் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதாவை, குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது, 117ஆவது பிரிவு. பரிந்துரை என்றால் அரசின் சம்மதம்தான்.

மனம் தளர வேண்டாம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த திருச்சி சிவா தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. அது அப்படியே சட்டமாகவில்லை, ஆனால் அதன் பிறகு அரசே மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அரசின் சட்டத்தில் இவர் கேட்ட எல்லாம் வரவில்லை என்பதும் உண்மை. தனிநபர் மசோதாவின் வேலை பெரும்பாலும் அரசின் கையைக் கிள்ளுவது. அதற்கு வாசகம் கூர்மையாக இருக்க வேண்டும். நான்கு வழியையும் ஒரே மனுவில் அடைத்து அனுப்பலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். எல்லாம் கேட்டால், அரசு எளிதானதைக் கொடுத்துவிட்டுப் போகும். எளிதானது ஏப்ரலில் ஒரு தினம்.

## நாங்கள் எழுதியது

போன ஞாயிறு ஒரு வரைவு முடிந்தது. டெல்லிக்கு முதல் வழி மட்டும், நான்கு வாசகங்களோடு. மூன்றாம் வகுப்பு முடிவுக்குள் புரிந்து வாசிப்பது உரிமை. ஐந்தாறு சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து நிரந்தர ஊதியத்தில் ஒரு வாசிப்பு ஆசிரியர், அவருக்கு வேறு பணி கிடையாது. சோதனை முடிவை வைத்துப் பிள்ளையை நிறுத்தக்கூடாது, பள்ளியின் நிதியைக் குறைக்கக்கூடாது. நூலகப் புத்தகம் தொலைந்தால் ஆசிரியர் பொறுப்பல்ல. கடைசி வாசகம் என் பீரோவுக்காக, வட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை.

நூலகத்துக்குத் தனி மனு, சென்னைக்கு. அதை நூலகர் நண்பரே எழுதுகிறார். எட்டுப் பக்கம் தாண்டிவிட்டது என்று கேள்வி. தபாலுக்கு ஒரு அஞ்சலட்டை, அஞ்சல் துறைக்கு. அரவங்காட்டு நண்பர் கொஞ்சம் மனக்குறையோடுதான் இருக்கிறார். “காசு இல்லாம உரிமை எதுக்குப்பா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. வாசிப்பு ஆசிரியரின் ஊதியத்தில் மத்திய அரசின் பங்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என அவருக்காக ஒரு வரி சேர்த்தோம்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. ‘தமிழில் வாசிக்க’ என்று நான் எழுதியிருந்தேன். கூடலூர் ஆசிரியை பேனாவை வாங்கி அடித்துவிட்டு, ‘வீட்டு மொழியில் தொடங்கித் தமிழில்’ என்று எழுதினார். வீட்டு மொழியில் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று குன்னூர்க்காரர் கேட்டார். அந்தக் குடியிருப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பெண்கள் இரண்டு பேரைத் தனக்குத் தெரியும் என்றார் ஆசிரியை. அவர்களுக்கு என்ன பதவி, என்ன ஊதியம் என்று எழுதுவதற்குள் கடைசி பஸ் நேரமாகிவிட்டது. வரும் ஞாயிறு அவர்களில் ஒருவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், மழை விட்டால்.